சிம் செத்தது முதல் கணக்கு முடங்கியது வரை: குமுளி, கம்பம் பக்கத்துக்காரர்கள் என்ன பார்க்க வேண்டும்

குமுளியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று வருவார்கள். இப்போது கடைக்கு வருகிற பேச்சே வேறு. "அண்ணே, சிம் வேலை செய்யல." "பேங்குல காசு தானா குறையுது." "நான் வாங்காத லோனுக்கு வீட்டு வாசல்ல ஆள் நிக்கிறான்."

நம் பக்கத்தில் பலருக்கு எல்லாமே இரண்டாக இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ கூடலூரிலோ இருக்கும், வேலை மலைமேல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டிலோ அணக்கரையிலோ இருக்கும். ஆதார் தமிழ்நாட்டு முகவரியில், சிம் கேரளத்தில் வாங்கியது, வங்கிக் கணக்கு இரண்டு பக்கமும். பணம் போன அன்று, "இதை இடுக்கியில சொல்றதா, தேனியில சொல்றதா?" என்று யோசிப்பதிலேயே அரை நாள் ஓடிவிடுகிறது. திருடனுக்கு வேண்டியது அந்த அரை நாள்தான். அதனால் இந்தக் குறிப்பில் எந்த அறிகுறிக்கும் முதலில் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு உரிய தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சாதாரணக் காரணம் முதலில் வரும், பெரிய சிக்கல் கடைசியில் வரும்.

பணம் போய்க்கொண்டே இருக்கிறது: இதை மட்டும் இப்போதே

1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது நாடு முழுவதுக்குமான சைபர் குற்ற உதவி எண். நீங்கள் நிற்கும் இடம் எந்த மாநிலம், வங்கிக் கிளை எந்த மாநிலம் என்பதெல்லாம் அப்புறம். மலைமேல் நின்று அழைத்தால் எடுப்பவர் மலையாளத்தில் பேசலாம். உடனே போனை வைத்துவிடாதீர்கள். கணக்கு எண், போன தொகை, போன நேரம், குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண், இவ்வளவு தெரிந்தால் அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் கைமாறி ஏடிஎம்மில் எடுக்கப்படும் முன் இது நடந்தால்தான் பலன்.

ஒரு புகார் எண் கொடுப்பார்கள். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்துவிட வேண்டும். போனில் சொன்னதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது அழைப்பு வங்கிக்கு. எண்ணை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அங்கே வங்கியின் பெயரில் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஏமாந்தவரே இரண்டாம் முறை ஏமாறுவது அங்கேதான். வங்கியிலும் புகார் எண் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்து, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம், அதற்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். அப்படி இருந்தாலும் சீக்கிரம் சொல்வதில் லாபம் இருக்கிறது.

அறிகுறி: போனில் திடீரென்று சிக்னல் இல்லை

ஊரில் இருப்பவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். நமக்குத் தெரியாது. ஏலக்காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் இருப்பது தினசரி நடப்பது. காலையில் ஜீப் ஏறியவர் சாயங்காலம் லோயர்கேம்ப் இறங்கும்போதுதான் போனை எடுத்துப் பார்க்கிறார். "மேல சிக்னல் இருக்காதுல்ல" என்று நாள் முழுக்க விட்டிருப்பார். அதற்குள் அவருடைய எண் வேறொருவன் சிம்மில் உயிரோடு இருந்திருக்கும்.

முதலில் பக்கத்தில் நிற்பவரிடம் அதே கம்பெனி சிம் இருக்கிறதா பாருங்கள். அவருக்கும் சிக்னல் இல்லையென்றால் டவர் பிரச்சினை. அவருக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ரீசார்ஜ் முடிந்து பல நாளாகிவிட்டதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இதற்குள் சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? வேறு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கே அழையுங்கள். "ஸ்விட்ச் ஆஃப்" என்று வந்தால் பெரும்பாலும் சிம் கோளாறு. மணி அடிக்கிறது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் போன் அடிக்கவில்லை என்றால் உங்கள் எண் வேறு ஆளிடம் இருக்கிறது, அல்லது அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. சிம் செத்துப்போவதற்கு முன் வந்த குறுஞ்செய்திகளைப் பாருங்கள். "சிம் மாற்றும் கோரிக்கை வந்துள்ளது", "இ-சிம் கோரிக்கை பெறப்பட்டது" என்று ஏதாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் அதே வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லி எண்ணை முடக்குங்கள். பிறகு 1930. சிம் மாற்றிய பின் 24 மணி நேரத்துக்குப் புதிய சிம்மில் குறுஞ்செய்தி வராதபடி தொலைத்தொடர்புத் துறை விதி வைத்திருக்கிறது. திருடனுக்கு ஓடிபி உடனே கிடைக்காமல் தடுக்க வந்த விதி அது. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் அதுதான். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளினால் அந்த அவகாசம் போய்விடும்.

அதன் பிறகு ஆதாரை எடுத்துக்கொண்டு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போய் புது சிம் வாங்குங்கள். தெருவோரக் குடைக்கடையில் வேண்டாம். அங்கே "ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி உங்கள் பெயரில் இரண்டு சிம் எடுப்பது நடக்கிறது.

*இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல்: விட்டுப்போன பழைய எண்*

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது இது. கேரளத்தில் வேலைக்குப் போனபோது ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் கொடுத்திருப்பார்கள். வேலை மாறி ஊருக்கு வந்ததும் ரீசார்ஜ் போடாமல் விட்டுவிடுவார்கள். நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் வங்கிச் செய்தியும் ஓடிபியும் அவர் போனில் வந்து விழும். உங்கள் கணக்கில் பணம் போனால் தகவல் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது.

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், "என் கணக்குல எந்த நம்பர் இருக்கு?" என்று கேளுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் இரண்டு கிளையிலும் கேளுங்கள். ஆதாரில் எந்த எண் என்று மைஆதார் தளத்திலேயே சரிபார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம், கட்டணம் 75 ரூபாய். தமிழ்நாட்டு ஆதாரைக் கட்டப்பனையில் உள்ள அட்சயா மையத்திலும் (கேரள அரசின் இ-சேவை மையம்) மாற்றலாம். அதற்காகக் கீழே இறங்கத் தேவையில்லை.

அறிகுறி: ஓடிபியே வரவில்லை, ஆனால் பணம் குறைகிறது

எவ்வளவு தொகை குறைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால் அவை பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும். கணக்கு தொடங்கும்போது நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஏடிஎம் கார்டு ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் என்றும் போகும். மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போனால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், பையன் ஏதாவது ஆப்புக்குச் சந்தா போட்டிருப்பான். அங்கேயே நிறுத்திவிடலாம்.

இவை எதுவும் இல்லை, 1,000, 5,000, 10,000 என்று முழுத்தொகையாகப் போயிருக்கிறது, பாஸ்புக் வரியில் ஏஇபிஎஸ் என்று இருக்கிறது என்றால், பணம் ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்து எடுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஓடிபி வேண்டாம், பின் வேண்டாம், கார்டு வேண்டாம்.

சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு அக்காமார்கள் மைக்ரோ ஏடிஎம் வைத்திருக்கும் கடைக்கு வருவார்கள். நாள் முழுக்கக் காய் பறித்த கட்டைவிரலில் கறை ஏறியிருக்கும், ரேகை தேய்ந்திருக்கும். முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பார்கள். மிஷின் ஏற்காது. "எச்சில் தொட்டு வைங்க அக்கா." மறுபடி வைப்பார்கள். "இதுவும் ஃபெயில், இன்னொரு விரல் வைங்க." இப்படி மூன்று, நாலு தடவை. கடைசியில் 2,000 ரூபாய் கையில் கிடைக்கும். ஜீப் கீழே இறங்கி சிக்னல் வந்த பிறகு இரண்டு செய்திகள் வரும், இரண்டிலும் 2,000. ஃபெயில் என்று சொன்னதில் ஒன்று ஃபெயில் ஆகவில்லை.

இதிலும் சாதாரணக் காரணம் ஒன்று உண்டு. மிஷினில் உண்மையாகவே தடங்கலாகி, கணக்கில் மட்டும் பணம் பிடிபட்டிருக்கலாம். அப்படியானால் 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 விதி சொல்கிறது. ஆனால் அந்த 5 நாள் காத்திருந்து பார்ப்போம் என்று உட்காராதீர்கள். புகாரை அன்றே வங்கியில் எழுத்தில் கொடுங்கள். திரும்ப வந்தால் நல்லது, வராவிட்டால் 3 நாள் கெடுவுக்குள் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

இனி ரேகை வைக்கும்போது ஒவ்வொரு முறையும் சீட்டுக் கேளுங்கள். ஃபெயில் ஆனாலும் அதற்கும் சீட்டு வரும். சீட்டுத் தராத கடையில் விரலை வைக்காதீர்கள்.

நீங்கள் எங்குமே ரேகை வைக்காமல் ஏஇபிஎஸ்ஸில் பணம் போயிருந்தால் விஷயம் பெரிது. உங்கள் ரேகை எங்கிருந்தோ படியெடுக்கப்பட்டிருக்கிறது. தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் படியெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் வந்திருக்கின்றன. உடனே ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பிலோ மைஆதார் தளத்திலோ பயோமெட்ரிக்கை, அதாவது உங்கள் ரேகைப் பதிவைப் பூட்டுங்கள். அதே இடத்தில் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கு சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். அதில் நாள், நேரம், ரேகையா ஓடிபியா என்றெல்லாம் இருக்கும். அதைத் தரவிறக்கிப் புகாரோடு இணையுங்கள். ஏலக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் வேறெங்கோ உங்கள் ரேகை பதிவாகியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதலாளியிடம் அன்றைய செக்ரோல் (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடு) நகலையும் வாங்கி வையுங்கள்.

பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை விழாது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மைதான், விழாது. ரேஷன் வாங்கும் அன்று ஆப்பில் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தச் சின்னத் தொந்தரவுக்காகக் கணக்கைத் திறந்து போடக் கூடாது என்பது என் திடமான எண்ணம். ஏடிஎம் கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போய், "என் கணக்கில் ஏஇபிஎஸ் மூலம் பணம் எடுப்பதை நிறுத்துங்கள்" என்று கிளையில் ஒரு கடிதமே கொடுத்துவிடலாம்.

வங்கி 30 நாட்களில் பதில் சொல்லவில்லை, அல்லது "நீங்கதான் ரேகை வச்சிருக்கீங்க" என்று கைவிரித்துவிட்டது என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். வங்கியில் கொடுத்த புகாரின் நகலில் முத்திரை வாங்கி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: போன் சூடாகிறது, செய்திகள் காணாமல் போகின்றன, ஏதோ ஒரு ஃபைலைத் தொட்டேன்

கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலையோர ஏஐ கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. அன்றிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் கம்பம்மெட்டு ஏறியவர், சீட் பெல்ட் போடாத ஜீப் டிரைவர் எல்லாருக்கும் மனதில் ஒரு பயம். அந்தப் பயத்தில்தான் வலை விரிக்கிறார்கள். "உங்கள் வாகனத்துக்கு அபராதம் உள்ளது, விவரத்துக்கு இதைத் திறக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் வண்டி எண்ணோடு ஒரு செய்தி வரும், கூடவே ஒரு ஃபைல். பெயர் அரசின் வாகனத் தளமான பரிவாகன் என்றே இருக்கும். கடைசியில் ஏபிகே என்று முடியும். ஏபிகே என்றால் அது ஆப். ரசீதோ படமோ அப்படி வராது. கல்யாணப் பத்திரிகை, விவசாயிகளுக்கான உதவித்தொகை, வங்கி கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) என்ற பெயர்களிலும் இதே ஃபைல் சுற்றுகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும்.

உண்மையான அபராதம் இருக்கிறதா என்று பார்க்க இசலான் டாட் பரிவாகன் டாட் கவ் டாட் இன் தளத்தை நீங்களே டைப் செய்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்த ஆப்பும் தேவையில்லை.

ஃபைல் வந்தது, ஆனால் திறக்கவில்லை என்றால் அதை அழித்துவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

தொட்டீர்கள், "அறியப்படாத இடத்திலிருந்து நிறுவலாமா" என்று கேட்டது, பின்னால் வந்துவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. செட்டிங்ஸில் ஆப் பட்டியலைப் பார்த்துப் புதிதாக எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள்.

நிறுவிவிட்டீர்கள், அனுமதி கேட்ட இடத்திலெல்லாம் சரி கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். இனி அந்தப் போனில் வங்கி ஆப்பையோ யுபிஐயையோ திறக்கக் கூடாது. பேலன்ஸ் பார்க்கக்கூடத் திறக்கக் கூடாது, நீங்கள் அடிக்கும் பின் அவனுக்குத் தெரியும். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி நிறுத்துங்கள்.

இனி வழி இரண்டாகப் பிரிகிறது.

பணம் போயிருந்தால் போனில் வேறு எதையும் தொடாதீர்கள். என்னைப் போன்ற கடைக்காரனிடம் கொண்டுவந்து "ஃபிளாஷ் பண்ணிக் கொடு" என்று கேட்காதீர்கள். அந்த ஆப்தான் போலீசுக்கு ஆதாரம், ரீசெட் செய்தால் அது அழிந்துவிடும். வந்த செய்தி, அனுப்பிய எண், ஃபைல் பெயர் மூன்றையும் வேறு போனால் படம் எடுத்துவைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த பிறகுதான் சுத்தம் செய்வது.

பணம் போகவில்லை என்றால் நீங்களே எடுக்கலாம். பவர் பட்டனை அழுத்தி, வரும் பவர் ஆஃப் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்திருந்தால் பல போன்களில் சேஃப் மோட் (நாம் நிறுவிய ஆப்கள் ஓடாத நிலை) கேட்கும். அதில் போய் செட்டிங்ஸில் மூன்று இடங்களைப் பாருங்கள்: டிவைஸ் அட்மின், அக்சசிபிலிட்டி, குறுஞ்செய்திக்கான டீஃபால்ட் ஆப். அங்கே தெரியாத பெயர் இருந்தால் அணைத்துவிட்டு, பிறகு அந்த ஆப்பை நீக்குங்கள். டிவைஸ் அட்மினில் இருக்கும்வரை அது நீங்காது, பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஐகானே இல்லாத ஆப்பாக இருக்கலாம், அதனால் செட்டிங்ஸில் உள்ள முழுப் பட்டியலையும் பாருங்கள்.

அடுத்து அழைப்பு திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பகுதியில் பாருங்கள். ##002# அடித்தால் பெரும்பாலான நெட்வொர்க்கில் எல்லாத் திருப்பமும் ரத்தாகும்.

இவ்வளவு செய்த பிறகும் போன் தானாகச் செய்தி அனுப்பினால் முழு ரீசெட்தான். படங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ரீசெட் செய்யுங்கள். பழைய பேக்கப்பிலிருந்து ஆப்களை மீட்டெடுக்க வேண்டாம், ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து போடுங்கள். எல்லாப் பின், பாஸ்வேர்டும் சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். இந்த வேலையைக் கடையில் கொடுத்துச் செய்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், யுபிஐ பின் எண்ணை எந்தக் கடைக்காரனிடமும் சொல்லாதீர்கள். பின் கேட்டால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அறிகுறி: என் வாட்ஸ்அப்பிலிருந்து நான் அனுப்பாத செய்தி போகிறது

வாட்ஸ்அப் இன்னும் உங்கள் போனில் வேலை செய்தால், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத கம்ப்யூட்டர் இருக்கும். வெளியேற்றுங்கள். பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுக்கத் திறந்துவிட்டு மூடாமல் வந்தது.

உங்களை வெளியே தள்ளிவிட்டது என்றால் உங்கள் எண்ணை வைத்து மறுபடி உள்ளே போங்கள். குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்க எண்ணைப் போட்ட உடனே அவன் வெளியேறிவிடுவான். அதன் பிறகு நீங்கள் வைக்காத ஒரு பின்னைக் கேட்டால் அவன் இரட்டைப் பூட்டு (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) போட்டிருக்கிறான். 7 நாள் காத்திருந்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். காத்திருக்கும் நாட்களில் அவனாலும் பயன்படுத்த முடியாது. சொந்தக்காரர்களுக்குக் குரல் அழைப்பில், "எம் பேர்ல காசு கேட்டு வந்தா போடாதீங்க" என்று அன்றே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் அந்த இரட்டைப் பூட்டை நீங்களே போட்டுவையுங்கள்.

அறிகுறி: போன் தொலைந்துவிட்டது

வங்கிக்குச் சொல்லுங்கள், சிம்மை முடக்குங்கள், போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், அதே எண்ணில் புது சிம் வாங்குங்கள். பிறகு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனுக்கே உரிய அடையாள எண்ணைப் போட்டால் அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். ஐஎம்இஐ வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். இப்போது கையில் போன் இருக்கும்போதே *#06# அடித்து எழுதி வீட்டில் வையுங்கள்.

அறிகுறி: வாங்காத கடனுக்கு ஆள் வருகிறான்

குழுக் கடனா என்று முதலில் வீட்டில் கேளுங்கள். மகளிர் குழுவில் ஒருவர் கட்டாத தவணைக்கு மற்றவர்களிடம் வருவது நம் ஊரில் சாதாரணம், நீங்களோ வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கலாம். இரண்டாவது, ஒரே பெயர், ஒரே ஊர் என்ற குழப்பம். வந்தவரிடம் கடன் எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் அவரிடம் காட்டாதீர்கள். "கொஞ்சமாச்சும் கட்டுங்க, பிறகு பேசிக்கலாம்" என்றால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகப் பேச அவர்களுக்கு இடம் கிடைக்கும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. மீறினால் நேரத்தைக் குறித்துவையுங்கள்.

பிறகு உங்கள் பெயரில் எந்தெந்தக் கடன் இருக்கிறது என்று காட்டும் கடன் அறிக்கையை எடுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலோடு நிறுத்திவிடாதீர்கள், சின்ன நிதி நிறுவனக் கடன்களுக்கு ஹைமார்க்கையும் பாருங்கள். அதில் நீங்கள் வாங்காத கடன் இருந்தால் அங்கேயே மறுப்புப் பதியலாம். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று கேளுங்கள்: கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல், அடையாளமாக வாங்கிய ஆவணத்தின் நகல், பணம் போட்ட வங்கிக் கணக்கின் விவரம். உங்கள் கணக்கில் பணம் வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பாருங்கள், நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே துண்டிக்கக் கேட்கலாம். போலிக் கடனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு போலி சிம் இருக்கும்.

நகல்கள் எங்கிருந்து போகின்றன என்று கேட்டால், தேக்கடி லாட்ஜில் கொடுத்தது, தோட்டத்தில் பேர் பதியக் கொடுத்தது, ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. இனிக் கொடுக்கும்போது முதல் 8 இலக்கம் மறைந்த ஆதாரைக் கொடுங்கள், மைஆதார் தளத்தில் கிடைக்கும். தாளாகக் கொடுத்தால் எதற்காக, எந்தத் தேதி என்று எழுத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிறுவனம் ஒப்பந்த நகலைத் தர மறுத்தால், அல்லது கோர்ட் நோட்டீஸ் வந்துவிட்டால் அன்றே வக்கீலிடம் போங்கள். ஆள்மாறாட்ட அடையாளத் திருட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை பெறக்கூடிய குற்றம். புகார் கொடுக்கப் போன ஸ்டேஷனில் "இது எங்க எல்லை இல்ல" என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள். எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கிப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். தேனியிலும் இடுக்கியிலும் சைபர் குற்றத்துக்கென்றே தனி ஸ்டேஷன் இருக்கிறது.

அறிகுறி: போலீஸ் என்று வீடியோ காலில் பேசுகிறார்கள், போனை வைக்கக் கூடாது என்கிறார்கள்

இதில் சோதித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. வைத்துவிடுங்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வழக்கு, மகனைப் பிடித்திருக்கிறோம் என்று எதைச் சொன்னாலும் சரி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வயதானவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். அவர்களிடம் இதை நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், பார்வர்ட் அனுப்பினால் படிக்க மாட்டார்கள்.

அறிகுறி: கணக்கு முடங்கிவிட்டது, பணம் எடுக்க முடியவில்லை

கேஒய்சி புதுப்பிக்கவில்லை என்பது முதல் காரணம். 2 ஆண்டு எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு என்பது இரண்டாவது. இரண்டும் கிளையில் ஒரு படிவத்தில் தீரும். "கேஒய்சி முடிக்க இந்த லிங்க்" என்று வரும் செய்தியை நம்பாதீர்கள். வங்கிகளின் தளங்கள் இப்போது டாட் பேங்க் டாட் இன் என்று முடிகின்றன, அதைப் பாருங்கள்.

அடுத்தது, வேறு மாநிலப் போலீஸ் சொல்லி முடக்கியது. ஏலக்காய் விற்றுக் காசு வாங்கியவர், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், பெட்டிக்கடைக்காரர் யாருக்கும் இது வரலாம். எங்கோ ஏமாற்றிய பணம் பல கை மாறி, அதில் ஒரு பங்கை உங்களிடம் சரக்கு வாங்கியவர் யுபிஐயில் போட்டிருப்பார். கேரளத்தில் இப்படி வியாபாரிகளின் கணக்குகள் ஏராளமாக முடங்கி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த விட வேண்டும் என்று 2023இல் அந்த நீதிமன்றம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கிளையில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: "எவ்வளவு தொகைக்குப் புகார்? அதை மட்டும் நிறுத்துங்க, மீதியைத் திறந்து விடுங்க."

கூடவே புகார் எண், எந்த ஊர் ஸ்டேஷன், எந்தத் தேதியில் வந்த எந்தப் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது. அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கான பில், எடைச்சீட்டு, வாங்கியவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல், அறை வாடகைப் பதிவேட்டின் பக்கம் எல்லாவற்றையும் விசாரிக்கும் அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொகையைத் திருப்பிப் போட்டால் கணக்கைத் திறந்துவிடுகிறோம் என்று யாராவது போனில் சொன்னால், ஸ்டேஷனின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து கடிதம் வராமல் எதுவும் செய்யாதீர்கள். அந்த அழைப்பே அடுத்த ஏமாற்றாக இருக்கலாம். எழுதி அனுப்பியும் பதில் இல்லை, மொத்தக் கணக்கும் முடங்கியே இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடும் வக்கீலைப் பார்க்க வேண்டும். கிளை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து எர்ணாகுளமா மதுரையா என்று அவரே சொல்வார்.

கடைசிக் காரணத்தைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளிடம், "உன் பேர்ல ஒரு அக்கவுன்ட், ஒரு சிம், ஏடிஎம் கார்டு, மூணையும் கொடு, மாசம் இவ்வளவு தர்றோம்" என்று கேட்கிறார்கள். கேட்பவன் பெரும்பாலும் தெரிந்த சீனியர். திருட்டுப் பணம் வந்து போகும் வழியாக அந்தக் கணக்கு ஆகிவிடுகிறது. வழக்கு வரும்போது பெயர், கையெழுத்து, ரேகை எல்லாம் அந்தப் பிள்ளையுடையது. உங்கள் வீட்டில் இது நடந்திருந்தால் வங்கிக்குப் போவதற்கு முன், போலீஸ் அழைப்பதற்கு முன், குற்ற வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். கார்டையும் சிம்மையும் யாரிடம் கொடுத்தான், எந்தத் தேதியில், எவ்வளவு வாங்கினான், கேட்டவன் அனுப்பிய செய்திகள் எங்கே, எல்லாவற்றையும் எழுதிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய்ப் போனிலிருந்து எதையும் அழிக்கவிடாதீர்கள். அவனை ஏமாற்றி வாங்கினார்கள் என்று காட்ட இருப்பது அந்தச் செய்திகள் மட்டும்தான்.